பத்தாவது நகர்வில் நினைவு நழுவினால்

கேள்வி: எனக்கு 63 வயது. நாற்பது ஆண்டுகளாகப் போட்டிச் சதுரங்கம் ஆடுகிறேன். ஒருகாலத்தில் 2100-ஐத் தாண்டியிருந்த ரேட்டிங் (ஆட்டப் பலத்துக்கான புள்ளி) இப்போது 1900-ஐ ஒட்டி நிற்கிறது. ஓய்வு பெற்றபின் முன்பைவிட அதிகமாகவே படிக்கிறேன். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை கணினியில் வேரியேஷன்களை, அதாவது நகர்வு வழிகளை, ஓட்டிப் பார்ப்பேன். கறுப்பில் நான் ஆடும் தொடக்க வழியான நஜ்டார்ஃப் சிசிலியனில், வெள்ளை பிஷப் ஜி-5-க்கு வந்தால், முப்பது ஆண்டுகளாக ஏழாவது நகர்வில் பிஷப்பை இ-7-இல் வைத்துவந்தேன். சென்ற ஆண்டு, ராணி பி-6-க்குப் போய் பி-2 சிப்பாயை வெட்டும் ‘விஷச் சிப்பாய்’ வழிக்கு மாறினேன். போன போட்டியில் பத்தாவது நகர்வாக வெள்ளை இ-5 தள்ளியதும், முதலில் எச்-6-ஆ, டி சிப்பாயால் வெட்டுவதா என்பதே மறந்துபோனது. 25 நிமிடம் விழித்தேன். அதன்பின் வந்த நகர்வுகளையும் மாற்றிப்போட்டுத் தோற்றேன். முந்தைய இரவுதான் அதே வழியைப் பார்த்திருந்தேன். படிக்கும் முறையை மாற்ற வேண்டுமா? நஜ்டார்ஃபையே விட்டுவிட வேண்டுமா? இல்லை, இது மறதி நோயின் தொடக்கமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் உள்ளே கிடந்தால் மற்ற எதைச் சொன்னாலும் ஏறாது.

கூர்மையான ஓப்பனிங்கில் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளில்) நகர்வு வரிசை குழம்புவது மட்டுமே மறதி நோயின் அடையாளம் ஆகாது. இருபது வயதுக்காரர்களுக்கும் அது நடக்கிறது. மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகள் வேறு: ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, வழக்கமாகச் செய்துவந்த வரவுசெலவுக் கணக்கு புரியாமல் போவது, நீங்கள் உணர்வதற்கு முன்பே வீட்டார் உங்கள் மாற்றத்தைக் கவனிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு ஆகிய நான்குமே நினைவை மந்தமாக்கும். நான்குக்கும் சிகிச்சை உண்டு. சில தூக்க மாத்திரைகளும், தூக்கக் கலக்கம் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும்கூட அடுத்த நாள் நினைவைத் தொட்டுவிடும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கண்ணாடியையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்துக்குப் பொருத்தப்படுவது. பலகையின் எதிர்க்கரையோ உங்கள் கண்ணிலிருந்து 70, 80 செ.மீ. தள்ளி இருக்கிறது. ‘அந்த மூலையில் இருந்த பிஷப்பை மறந்துவிட்டேன்’ என்று வயதானவர்கள் சொல்லும் பிழைகளில் சில, உண்மையில் அதைத் தெளிவாகப் பார்க்காததால் வருபவை. கணினித் திரைக்கு என்று தரப்படும் இடைத்தூரக் கண்ணாடி பலகைக்குச் சரியாக வரும்.

இனி ஆட்டம். வயது எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். உளவியல் ஆய்வாளர்களான வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில விநாடிகள் காட்டினால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது புதியவரைப் போலவே தடுமாறினார். மாஸ்டர் தனித்தனிக் காயாக நினைவில் வைப்பதில்லை, கொத்துக் கொத்தாக அடையாளம் காண்கிறார் என்பது அதிலிருந்து தெரிந்தது. 1981-இல் நீல் சார்னெஸ், ஒரே பலம் கொண்ட இளையவர்களையும் மூத்தவர்களையும் ஒப்பிட்டார். நிலையை நினைவிலிருந்து அடுக்குவதில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் நல்ல நகர்வைத் தேர்ந்தெடுப்பதில் இளையவர்களுக்குச் சமமாக நின்றார்கள், அதுவும் குறைந்த அளவே தேடிப் பார்த்து. உங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. நாற்பது ஆண்டுகளில் சேர்த்த கொத்துகள் உங்களிடம் இருக்கின்றன. குறைந்திருப்பது புதிய, தனித்த விவரங்களை வேகமாக உள்ளே போடுவதும், நெருக்கடியில் வேகமாக வெளியே எடுப்பதும். நீங்களோ இரவு மூன்று மணி நேரத்தையும், குறைந்துவரும் அந்தத் திறன்மீதே செலவிடுகிறீர்கள்.

உங்கள் பத்தாவது நகர்வில் என்ன நடந்தது என்று பாருங்கள். விஷச் சிப்பாய் வழியில் அந்த இடத்துக்குப் பழைய வரிசை ஒன்றும் புதிய வரிசை ஒன்றும் உண்டு: முன்பு நேரடியாக டி சிப்பாயால் வெட்டினார்கள், பின்னர் எச்-6-ஐ இடையில் நுழைத்து பிஷப்பை எச்-4-க்குத் தள்ளிவிட்டு வெட்டும் வழி பரவியது. முப்பது ஆண்டுகளில் நீங்கள் புரட்டிய புத்தகங்களில் முதல் வரிசை பதிந்திருக்கும். கடந்த ஆண்டு கணினியில் இரண்டாவதைப் பார்த்தீர்கள். ஒரே நிலை, இரண்டு விடைகள். பழையது முந்திக்கொண்டு வரும், புதியது அதன் பின்னால் சிக்கி நிற்கும். புதியதே உள்ளே ஏறவில்லை என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். ஏறியிருக்கிறது, வழி மறிக்கப்பட்டிருக்கிறது. அனுபவம் கூடக் கூட இந்த மோதலும் கூடும். இளைஞனுக்கு மறிக்கப் பழையது ஏதுமில்லை.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது. பல ஆண்டுகள் ஆடிய ஓப்பனிங் மரத்தின் நடுவில் ஒரு கிளையை மட்டும் வெட்டி வேறொன்றை ஒட்டாதீர்கள். ஒன்று பழையதையே வைத்து ஆழப்படுத்துங்கள், அல்லது முதல் இரண்டு நகர்வுகளிலேயே முற்றிலும் வேறான ஓப்பனிங்குக்குப் போங்கள். நடுவில் மாற்றியே தீர வேண்டுமென்றால், புதிய நகர்வை மட்டும் எழுதாமல், பழைய நகர்வை ஆடினால் எதிராளி எப்படித் தண்டிப்பார் என்பதையும் எழுதிவையுங்கள். பழையது மனதில் எழும்போது அதனுடனேயே எச்சரிக்கையும் எழ வேண்டும்.

முந்தைய இரவு பார்த்தும் வரவில்லை என்கிறீர்கள். திரையில் அம்புக்குறியை அழுத்தி நகர்வுகளை ஓட்டும்போது ஒவ்வொன்றுக்கும் மனம் ‘ஆமாம், தெரியும்’ என்கிறது. அது அடையாளம் காண்பது. போட்டியில் தேவை, எந்தத் துப்பும் இல்லாமல் எடுத்துத் தருவது. முதலாவதை எவ்வளவு செய்தாலும் இரண்டாவது வலுப்படாது. ஆகவே படிப்பைத் தலைகீழாக்குங்கள்: முதலில் கேள்வி, பிறகு விடை.

இதற்கு அட்டைப் பெட்டி போதும். செயலியில் செய்தாலும் கணக்கு ஒன்றே. ஓர் அட்டையில் ஒரு நிலை. முன்பக்கம் பலகைப் படம், பின்பக்கம் ஒரே ஒரு நகர்வும் அதற்கான காரணம் ஒரு வாக்கியத்திலும். ஐந்து அறைகள்: முதல் அறையைத் தினமும், இரண்டாவதை 3 நாளுக்கு, மூன்றாவதை 7 நாளுக்கு, நான்காவதை 16 நாளுக்கு, ஐந்தாவதை 35 நாளுக்கு ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த அறை, தவறினால் முதல் அறை. ‘சரி’ என்றால் பத்து விநாடிக்குள் நகர்வும் காரணமும் இரண்டுமே வர வேண்டும். நகர்வு மட்டும் வந்தால் தோல்விதான். விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது திரையை விட்டு உண்மையான பலகையில் காய்களை அடுக்கிச் செய்யுங்கள். போட்டியில் கண்முன் இருக்கப்போவது அதுதான்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் ஆசையால். முதல் வாரத்தில் இருபது இருபதாகச் சேர்த்தால், மூன்றாம் வாரத்தில் தினமும் நூறு அட்டை வந்து நிற்கும், பெட்டி மூலைக்குப் போய்விடும். ஒரு நாளைக்குப் புதிதாக நான்கு, மொத்தம் 120, அதற்குமேல் வேண்டாம். 121-ஆவது அட்டை எழுத வேண்டுமானால் பழையது ஒன்றைக் கிழியுங்கள். ஒரே அட்டை நான்கு முறை தோற்றால் ஐந்தாவது முறை மனப்பாடம் செய்யாதீர்கள். அதில் காரணம் புரியவில்லை என்று பொருள். காரணத்தைத் தேடி எழுதுங்கள். காரணம் ‘என்ஜின் (சதுரங்கக் கணினி நிரல்) சொல்கிறது’ என்பதைத் தவிர வேறில்லையென்றால் அந்த வழியையே விட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி நான் பிடிவாதமாகவே சொல்வேன்: இரவு பத்திலிருந்து ஒன்று வரை படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கற்றதை நிலைப்படுத்தும் வேலை தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஒரு கையால் போட்டு மறு கையால் எடுப்பது. காலையில் 45 நிமிடம், மாலையில் 30 நிமிடம். காலையில் 15 நிமிடம் அட்டைகள், மீதி அரை மணி கணக்கிடும் பயிற்சி. அதில் கடினமான நிலைகள் மூன்று போதும். காயைத் தொடாமல், முழு விடையையும் எதிராளியின் சிறந்த எதிர்ப்போடு எழுதி முடித்த பிறகே விடையைப் பாருங்கள். மாலை எண்ட்கேமுக்கு, அதாவது காய்கள் குறைந்த இறுதிக்கட்டத்துக்கு.

எண்ட்கேம் என்றால் பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அறுபதைக் கடந்தவருக்கு இதைவிட இலாபமான முதலீடு கிடையாது. ஓப்பனிங் கோப்பு ஆண்டுதோறும் பழசாகும். யானை (ரூக்) எண்ட்கேமில் பிலிடோர் தற்காப்பு 18-ஆம் நூற்றாண்டிலிருந்து மாறவில்லை: எதிராளியின் சிப்பாய் மூன்றாவது வரிசைக்கு வரும்வரை நம் யானை அந்த வரிசையைக் காக்கும், சிப்பாய் அங்கே வந்து எதிராளி ராஜாவின் மறைவிடம் போனதும் யானை பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்கும். இதற்கு மறுபுறமாக லூசேனா, அதாவது யானையைப் பாலமாக நிறுத்தி ராஜாவைச் செக்குகளிலிருந்து மறைக்கும் முறை. சிப்பாய் எண்ட்கேமில் எதிர்நிலை (ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்பது), சதுர விதி (ஓடும் சிப்பாயை ராஜா பிடிக்க முடியுமா என்ற கணக்கு). இப்படி முப்பது நிலைகளைத் துல்லியமாக வைத்திருந்தால் போதும். சிமிஸ்லோவ் 1984-இல் 63-ஐத் தொடும் வயதில் உலகச் சாம்பியனுக்குச் சவால்விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் இறுதிவரை வந்து காஸ்பரோவைச் சந்தித்தார். லாஸ்கர் 1935 மாஸ்கோ போட்டியில் 66 வயதில் ஒரு ஆட்டமும் தோற்காமல் காபாபிளாங்காவுக்கு முன்னால் மூன்றாம் இடம் பிடித்தார். இருவரும் உலகச் சாம்பியன்கள், அவர்களோடு நம்மை ஒப்பிட வேண்டாம். ஆனால் இருவருமே ஓப்பனிங் மனப்பாடத்தால் பெயர் பெற்றவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடைசியாக ஆடிய 20 நீண்டநேர ஆட்டங்களின் தாள்களை எடுங்கள். தோற்றதிலும், வெல்லவேண்டியதை டிரா செய்ததிலும், ஆட்டம் முதன்முதலாகச் சரிந்த நகர்வைக் கண்டுபிடித்து நான்கு கட்டத்தில் ஒன்றில் குறியுங்கள்: படித்தது மறந்தது, படித்தது முடிந்தபின் திட்டம் தெரியாதது, கணக்குப் பிழை, கிளாக்கில் ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தபின் செய்த பிழை. நினைவுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறவர்களின் தாளிலும் இரண்டாவது, நான்காவது கட்டங்களே அதிகம் நிறைவதுண்டு. உங்கள் தாளிலும் அப்படி வந்தால் முதல் வேலை ஓப்பனிங் இல்லை, கிளாக்.

கிளாக்குக்குக் கணக்கு இதோ. 40 நகர்வுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்ற அமைப்பில், பத்தாவது நகர்வில் 80 நிமிடத்துக்குக் குறையாமலும், இருபதாவதில் 45 நிமிடத்துக்குக் குறையாமலும், முப்பதாவதில் 20 நிமிடத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஐந்து நகர்வுக்கு ஒருமுறை ஆட்டத்தாளில் மீதி நேரத்தைக் குறித்துவாருங்கள். நேரம் குறிப்பதற்கு விதியில் தடை இல்லை.

நினைவு நழுவும் கணத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மூன்று நிமிடம். அதற்குள் வரவில்லையென்றால் நினைவுகூர்வதை நிறுத்துங்கள். நாக்கு நுனியில் நிற்கும் பெயரைத் துரத்தத் துரத்தத் தவறான பெயரே திரும்பத் திரும்ப வருமே, அதே நிலைதான் இது. ‘புத்தகம் என்ன சொன்னது’ என்பதை விட்டுவிட்டு, அந்த நிலையை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பாருங்கள்: எதிராளி அடுத்து என்ன மிரட்டுகிறார்? என் காய்களில் மிக மோசமாக நிற்பது எது? ராஜா பத்திரமா? இரண்டு அல்லது மூன்று நகர்வுகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் ஒருமுறை கணக்கிடுங்கள். ஒரு கிளை முடிந்ததும் மனதுக்குள் ‘சமம்’, ‘எனக்கு நல்லது’, ‘ஆபத்து’ என்று ஒரு சொல்லை ஒட்டுங்கள். கிளைகளுக்கு இடையே தாவித் தாவிப் போனால் முதலில் பார்த்தது கரைந்துவிடும், மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். நேரம் அங்கேதான் கசிகிறது. உங்கள் 25 நிமிடத்தில் பெரும்பகுதி இப்படிப் போயிருக்கும்.

கைப்பிழையைத் தடுக்க, நகர்வை முதலில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு பலகையைப் பார் என்று உங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போதைய ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) விதி அதை அனுமதிப்பதில்லை. டிரா கோருவது போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர, ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். மாற்றுப் பழக்கம் தேவை: முடிவெடுத்ததும் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, எதிராளிக்கு இருக்கும் செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் பத்து விநாடி பாருங்கள். பிறகு ஆடுங்கள்.

இனி நஜ்டார்ஃப். விஷச் சிப்பாய் வழியை விட்டுவிடுங்கள். ஒரு நகர்வு வரிசை தவறினாலே ஆட்டம் போகும் இடத்தில், உங்கள் பலவீனமான பக்கத்தை நீங்களே முன்வைக்கிறீர்கள். நஜ்டார்ஃபையே விடச் சொல்லமாட்டேன். பிஷப் இ-7 வழியில் உங்களுக்கு முப்பது ஆண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. அதுவும் கூர்மையானதுதான், ஆனால் அங்கே எந்தக் காய் எங்கே போகும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். உங்கள் சொந்த ஆட்டங்களிலிருந்தே அட்டைகள் எழுதுங்கள்.

தாளில் முதல் கட்டம் தோல்விகளில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் மட்டும், கறுப்புக்கான இன்னொரு ஓப்பனிங்கான காரோ-கானை மெல்லக் கொண்டுவாருங்கள். அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் வெள்ளையில் ராணியின் சிப்பாயைத் தள்ளி ஆடுபவரென்றால், குவீன்ஸ் கேம்பிட் என்ற ஓப்பனிங்கில் சி-4 சிப்பாயால் டி-5-இல் வெட்டி மாற்றும் வழியில் ஒரு சிப்பாய் அமைப்பு வரும்: உங்களுக்கு சி ஃபைல் (செங்குத்து வரிசை) திறந்திருக்கும், ராணிப்பக்கம் உங்கள் இரண்டு சிப்பாய்க்கு எதிரே அவருடைய மூன்று. பி சிப்பாயை பி-4, பி-5 என்று தள்ளி சி-6-இல் மாற்றிக்கொண்டால் அவருக்கு ஒரு பலவீனச் சிப்பாய் நிற்கும். இதைத்தான் சிறுபான்மைத் தாக்குதல் என்கிறோம். காரோ-கானில் வெள்ளை மூன்றாவது நகர்வில் டி-5-இல் வெட்டினால் இதே அமைப்பு நிறம் மாறி உங்களிடம் வரும்; அப்போது பி சிப்பாயைத் தள்ளுபவர் கறுப்பாகிய நீங்கள். ஒரு கருத்தைக் கற்று இரண்டு நிறத்திலும் ஆடலாம். ஆனால் வெள்ளை மூன்றாவது நகர்வில் இ-5 தள்ளும் வழி தனி உழைப்பைக் கேட்கும், அட்டைகளில் பாதி அதற்கே போகும். ஆறு மாதம் ரேபிட் (குறைந்த நேர) ஆட்டங்களில் மட்டும் ஆடிப் பாருங்கள், அதன்பின் நீண்ட ஆட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

போட்டித் தேர்வும் படிப்பின் பகுதிதான். ஒரே நாளில் இரண்டு நீண்ட ஆட்டங்கள் இருந்தால், அமைப்பாளர்கள் அரைப் புள்ளி பை (ஆடாத சுற்றுக்கு அரைப் புள்ளி) தருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு சுற்றை விட்டுவிடுங்கள். 50, 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான பிரிவுப் போட்டிகளில் நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற அமைப்பு வழக்கம். அவற்றை முதலில் தேர்ந்தெடுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் திறக்காதீர்கள். அந்த எதிராளிக்கு வரக்கூடிய அட்டைகளை 20 நிமிடம் பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்த மாலை, என்ஜினைத் திறக்குமுன் 15 நிமிடம், எங்கே தடுமாறினீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு புதிய அட்டை மட்டும்.

மூன்று மாதம் கழித்து அடுத்த ஆட்டங்களுக்கும் அந்த நான்கு கட்டத் தாளைப் போடுங்கள். முதல் கட்டம் குறையாமல் அப்படியே நின்றால் மறுபடி எழுதுங்கள், ஆட்டத்தாள்களின் நகல்களையும் சேர்த்து அனுப்புங்கள். ஐந்து நகர்வுக்கு ஒருமுறை கிளாக் நேரம் அதில் குறித்திருக்கட்டும். அது இருந்தால்தான் எங்கே சிக்குகிறது என்று என்னால் பார்த்துச் சொல்ல முடியும்.